அழிய வேண்டிய கோடு

நம் வீட்டு மரப்பெட்டியில் ஈராண்டுக் காலம் ஒரு துணி மடிப்புக் கலையாமல் கிடந்தது. காலஞ்சென்ற நம் அன்னையாரின் பருத்திப் புடவைகள் பதினான்கினை வெட்டி, சதுரமும் முக்கோணமுமாகச் சேர்த்துத் தைத்த துணி அது. சின்னாளப்பட்டிச் சுங்குடி அதில் உண்டு. செட்டிநாட்டுக் கட்டம் போட்ட சேலை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் உடுத்திய வெள்ளைச் சேலையும் உண்டு. கனடா நாட்டில் வின்னிபெக் நகரில் குடியேறிய நம் தமையனார் மகளுக்கு, பாட்டியின் நினைவாக அனுப்புவதென்று எண்ணித் தொடங்கிய வேலை.

துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது ஆறு மாதத்தில் முடிந்துவிட்டது. அதன் பின்னரே கை ஓடாமல் நின்றது. நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு வாங்கி வைத்தோம்; அடியில் கொடுக்கும் துணியும் வாங்கி வைத்தோம். ஆயினும் இம்மூன்றையும் இறுகப் பிடிக்கும் தையலை எந்த வடிவில் ஓட்டுவது, அவ்வடிவத்தைத் துணியின்மேல் எதைக் கொண்டு வரைவது என்னும் இரு கேள்விகள் வழிமறித்தன. துண்டு வெட்டும்போது கை தவறினால் இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளலாம். சேர்த்து முடித்த துணியின்மேல் ஒரு கறை விழுந்துவிட்டால், அந்தச் சேலைக்கு எங்கே போவது? இவ்வச்சத்தினாலேயே பல இல்லங்களில் ஒட்டுப்போர்வைகள் பாதியில் நின்றுவிடுகின்றன என்று பின்னர் அறிந்தோம். நம்மைப் போல் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் சகோதரிகள் எவரேனும் இருப்பின், நாம் தட்டுத் தடுமாறிக் கற்றவை அவர்களுக்கு உதவக்கூடும்.

அறியாதவர்களுக்காக ஒரு சொல். குயில்ட் என மேல்நாட்டார் அழைக்கும் இந்த ஒட்டுப்போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே துண்டுகள் சேர்ந்த முகம், நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் சிறு ஓட்டுத் தையலே போர்வைக்கு உயிர். நடுவிலுள்ள பஞ்சு நகர்ந்து கட்டி கட்டியாகத் திரளாமல் காப்பதே அதன் முதல் வேலை. இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர் ஆங்காங்கே குத்தி முடிச்சிடுவதைக் கண்டிருக்கின்றோம் அல்லவா? அதே நோக்கம்தான். அழகு அதற்கு அடுத்த இடத்தில் வருகின்றது.

ஆகவே வடிவத்தைத் தேர்ந்தெடுக்கு முன் பார்க்க வேண்டியது பஞ்சைத்தான். வில்லால் அடித்துப் பரப்பிய பழைய பாணிப் பருத்திப் பஞ்சாக இருந்தால் ஒன்றிரண்டு அங்குலத்திற்கு ஒரு தையல் வரி செல்ல வேண்டும்; இல்லையேல் முதல் சலவையிலேயே மூலையில் திரண்டுவிடும். பாலியஸ்டர் விரிப்புக்கு மூன்று அல்லது நான்கு அங்குல இடைவெளி போதும். இக்காலத்தில் ஊசிகளால் குத்திப் பிணைத்து விற்கும் பருத்தி விரிப்புகளில் சிலவற்றிற்கு எட்டு அங்குலம் வரைகூட விடலாம். எவ்வளவு விடலாம் என்பதை உறையின் மேலேயே அச்சிட்டிருப்பர். நாம் அவ்வுறையைக் குப்பையில் எறிந்துவிட்டு, பிறகு அதைத் தேடி அலைந்தோம்.

இடைவெளியைப் பற்றி இன்னொன்றும் உண்டு. இதை நாம் தவறு செய்தே கற்றோம். தையல் நெருங்கிய இடத்தில் துணி சற்றே சுருங்கும். நெருங்காத இடம் உப்பி நிற்கும். பயிற்சிக்கென நாம் தைத்த தொட்டில் விரிப்பு ஒன்றில் நடுச் சதுரங்களை ஆசை ஆசையாக நெருக்கித் தைத்து, கரைக்கு வந்தபோது களைத்துப்போய் இரண்டே வரிகளோடு விட்டுவிட்டோம். விளைவு, கரை முழுவதும் பாவாடைக் கொசுவம் போல அலை அலையாய் நின்றது. எவ்வளவு இஸ்திரி போட்டும் படியவில்லை. போர்வை முழுவதும் தையலின் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். கரையைச் சிக்கனமாக முடிக்க எண்ணினால், நடுவையும் சிக்கனமாகவே தைத்திருக்க வேண்டும்.

இனி வடிவங்களைப் பார்ப்போம். மிக எளியது, துண்டுகள் சேரும் பொருத்தின் பள்ளத்திலேயே தைத்துச் செல்வது. இதற்குக் கோடே வேண்டியதில்லை. தையலும் கண்ணுக்குத் தெரியாது. அடுத்தது, ஒவ்வொரு துண்டின் விளிம்பிலிருந்தும் கால் அங்குலம் தள்ளி உள்ளே தைப்பது. ஏன் கால் அங்குலம்? துண்டுகளைச் சேர்க்கும்போது அடியில் மடிந்து நிற்கும் துணியின் அகலம் வழக்கமாக அவ்வளவே. அதைத் தாண்டித் தைத்தால் ஊசி தடித்த மடிப்புகளைக் குத்த வேண்டியதில்லை. விரலுக்கும் ஊசிக்கும் இதனால் வரும் நிம்மதியைத் தைத்தவர்களே அறிவர்.

மூன்றாவது, போர்வை முழுவதையும் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்கோடுகளால் நிரப்பும் சாய்சதுரக் கட்டம். நான்காவது, இறகு, மலர் வளையம், முறுக்குக் கயிறு, இலைக்கொடி போன்ற வளைகோட்டு வடிவங்கள். இவற்றுள் எதை எங்கே வைப்பது என்பதற்கு முன்னோர் கண்ட வழி ஒன்று உண்டு. துண்டுகளெல்லாம் நேர்கோடும் கூர்மூலையுமாக இருந்தால், தையலில் வளைவு இருப்பது கண்ணுக்கு இதமாகும். மேல்முகத்திலேயே வட்டமும் வளைவும் மிகுந்திருந்தால், பின்னணியில் நேர்கோட்டுக் கட்டம் அமைதி தரும். ஒன்றையே இரண்டு முறை சொல்வதைக் கண் விரும்புவதில்லை.

துணியின் நிறமும் அச்சும் இதில் பெரும்பங்கு கொள்கின்றன. பூப்போட்ட சீட்டித் துணியின்மேல் நுணுக்கமான இறகு வடிவத்தை ஒரு மாதம் உட்கார்ந்து தைத்தாலும், பூக்களுக்கிடையே அது மறைந்துபோகும். அத்தகைய இடத்தில் எளிய சாய்கோடு போதும். உழைப்பை வெற்றுத் துணிக்கே சேமித்து வைக்க வேண்டும். வெளிர் நிற வெற்றுத் துணியில் ஒவ்வொரு தையலும் குழிந்து நிழல் தரும். அந்த நிழலே ஓவியம். அன்னையாரின் வெள்ளைச் சேலையிலிருந்து வெட்டிய சதுரங்களில் மட்டும் மலர் வளையம் வைப்பதென்று இதனால்தான் முடிவு செய்தோம். செட்டிநாட்டுச் சேலைத் துண்டுகளிலோ நெய்தவரே நமக்காகக் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் கோட்டின் மேலேயே ஊசியை ஓட்டினோம். பென்சிலுக்கு அங்கு வேலையே இல்லை.

பெயர்களில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில், ஒரே மையத்திலிருந்து விரியும் வில் வில்லான கோடுகளால் போர்வை முழுவதையும் நிரப்பும் ஒரு வடிவத்தைப் பாப்டிஸ்ட் விசிறி என்பர். அங்கே ஆலயப் பெண்கள் குழுக்கள் ஒரே சட்டத்தைச் சுற்றி அமர்ந்து தைத்தபோது, அவரவர் இருந்த இடத்திலிருந்தே முழங்கை எட்டும் அளவுக்குக் கையை வளைத்து இவ்வில்லை வரைந்துகொண்டனராம். பென்சிலில் நூலைக் கட்டி வரைவதும் உண்டு. இதையே சிலர் மெதடிஸ்ட் விசிறி என்றும் அழைக்கின்றனர். கத்தோலிக்க விசிறி என்று ஒன்றை இதுவரை நாம் காணவில்லை.

கரையில் ஓடும் கயிறு வடிவமே பலரை அழ வைப்பது. ஒரு பக்கத்திலிருந்து வரைந்துகொண்டே போனால், மூலையில் அரைமுறுக்கு மிஞ்சும். இதற்கு முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். கரையின் நீளம் 75 அங்குலம். ஒரு முறுக்கின் நீளம் 6 அங்குலம் என்று கொள்வோம். வகுத்தால் பன்னிரண்டரை வருகின்றது. ஆகவே முறுக்கைச் சற்றே நீட்டி, ஆறேகால் அங்குலமாக வைத்துக்கொண்டால் சரியாகப் பன்னிரண்டு அடங்கும். கால் அங்குல வேறுபாட்டை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. கணக்கு வராதவர்கள் கரையின் நீளத்திற்குச் செய்தித்தாளை ஒட்டி, அதை இருமுறை பாதியாகவும் பின்னர் மூன்றாகவும் மடித்தாலே போதும். எப்படியாயினும் மூலையை முதலில் வரைந்துவிட்டு, நடுவை நோக்கிச் செல்வதே நலம்.

வடிவங்களுக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கிராமத்துப் பெண்கள் தட்டு, கோப்பை, காசு, மரத்து இலை ஆகியவற்றையே துணியின்மேல் கவிழ்த்து வரைந்தனர். ஒரே வட்டத்தை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி வரைந்தால் நான்கு இதழ்ப் பூக்கள் தாமே பிறக்கும். நம் வீட்டில் அன்னையார் காப்பி குடித்த எவர்சில்வர் டம்ளரின் வாய் மூன்றங்குல வட்டமாக இருந்தது. அதைக் கவிழ்த்தே நம் மலர்களை வரைந்தோம்.

வரைவதே ஒரு தொழிலாக விளங்கிய ஊரைப் பற்றி இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் வடபகுதியில், நார்தம்பர்லாந்து மலைகளுக்கிடையே ஆலன்ஹெட்ஸ் என்றொரு சிற்றூர். ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே கடை வைத்திருந்த ஜார்ஜ் கார்டினர் என்பவர், பெண்களின் தொப்பிகளை அலங்கரிப்பதில் பெயர் பெற்றவர். அவர் போர்வைத் துணிகளின்மேல் நீலப் பென்சிலால் தையல் வடிவங்களை வரைந்து கொடுக்கலானார். நடுவில் பெரிய பதக்கம், சுற்றிலும் சுருள் சுருளான கொடிகள், இடைவெளியில் சாய்சதுரங்கள் என அவர் கைவண்ணம் பரவியது. கோடு வரைந்த துணியை வாங்கிச் சென்று வீட்டில் தைப்பது பெண்களுக்கு எளிதாயிற்று. கைவராத வேலையான வரைதலை ஒருவர் செய்துவிட, பொறுமை மட்டுமே வேண்டிய தையலை மற்றவர் செய்தனர்.

இவ்வாறு வரைபவர்களை முத்திரை குத்துபவர்கள் எனும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். உண்மையில் அவர்கள் எந்த முத்திரையும் குத்தவில்லை. அனைத்தும் கையாலேயே வரைந்தவை. கார்டினரிடம் தொழில் பயின்ற எலிசபெத் சாண்டர்சன் என்னும் பெண்மணி ஆசிரியரையும் விஞ்சிப் புகழ் பெற்றார். சிவப்பு வெள்ளைத் துண்டுகளால் ஒற்றைப் பெரு நட்சத்திரத்தை நடுவில் அமைத்து, அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகக் கரைகள் வைக்கும் போர்வை இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகின்றது. அவரும் பல பெண்களைப் பயிற்றுவித்தார். அவர்கள் வரைந்து கொடுத்த துணிகள் சில, தைத்த பின்னரும் நீலக் கோடு முற்றும் மறையாமல் இன்றுவரை இருக்கின்றன. அக்கோட்டைக் கொண்டே இது இன்ன பகுதியின் வேலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கின்றனர். அழிய வேண்டிய கோடு அழியாமல் நின்று சாட்சி சொல்வதும் ஒருவகை விந்தையே.

அதே வட்டாரத்தில் ஆண்களும் இத்தொழில் செய்ததுண்டு. ஹெக்ஸாம் ஊருக்கு அருகில், வார்டன் என்னும் இடத்தில் தனித்து வாழ்ந்த ஜோசப் ஹெட்லி என்ற முதியவர் போர்வை தைத்தே பிழைத்தார். 1826ஆம் ஆண்டு சனவரியில் அவர் தம் குடிசையிலேயே கொலையுண்டார். கொன்றவர் யாரென்று இன்றுவரை தெரியாது. பீமிஷ் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தார் அவருடைய குடிசையை மீண்டும் எழுப்பி 2018இல் பார்வைக்குத் திறந்தனர்.

நம் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. டர்ஹாம் மாவட்டத்திலும் தெற்கு வேல்சிலும் நிலக்கரிச் சுரங்கங்களில் கணவனை இழந்தவர்களும், சுரங்க விபத்தில் முடமாகிப்போன கணவனைப் பேண வேண்டியவர்களும் போர்வைச் சங்கம் என்ற ஒன்றை நடத்தினர். அது ஏறக்குறைய நம்மூர்ச் சீட்டுப் போன்றது. அண்டை அயலார் ஏறத்தாழ இருபது பேர் வாரந்தோறும் சிறு தொகை கட்டுவர். யாருக்கு முதல் போர்வை, யாருக்கு அடுத்தது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பர். வந்த பணத்தில் துணியும் பஞ்சும் வாங்கி, சட்டத்தின் முன் குனிந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்துத் தள்ளினால்தான் அக்குடும்பம் சாப்பிட முடியும். வேகம் அங்கே உயிர்ப் பிரச்சினை. நுண்ணிய வடிவம் வரைய நேரமில்லை. விரைந்து வரையக்கூடிய முறுக்கும் விசிறியும் அப்போர்வைகளில் மிகுந்திருப்பதற்குக் காரணம் இரசனைக் குறைவு அன்று. 1928ஆம் ஆண்டில் கிராமத் தொழில் அலுவலகம் என்னும் அமைப்பு அப்பெண்களுக்கு நல்ல துணியும் இலண்டன் சந்தையும் தேடித்தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அதன்பின் அவர்களுள் பலர் தாய்மாரிடம் கற்ற பழைய வடிவங்களை ஆற அமர வரைய முடிந்தது. அவர்களைத் தேடிச் சென்று கண்ட மேவிஸ் ஃபிட்ஸ்ராண்டால்ஃப் என்ற அம்மையார் 1954இல் எழுதிய நூலே இக்கலைக்கு இன்றளவும் அடிப்படை நூலாகும்.

வேல்சுப் பெண்கள் நீலப் பென்சிலைப் பெரிதும் நாடவில்லை. துணியைச் சட்டத்தில் ஏற்றிய பின்னர், கைக்கு எட்டும் பகுதியை மட்டும் சாக்குக் கட்டியால் வரைந்துகொள்வர். தைத்து முடித்ததும் சட்டத்தை உருட்டி அடுத்த பகுதிக்குச் செல்வர். இன்னும் சிலர் மழுங்கிய தடித்த ஊசியை அச்சட்டையின் ஓரமாக அழுத்தி இழுத்து, துணியில் வெறும் கீறல் தடத்தை மட்டும் உண்டாக்கினர். சாயமில்லை, பொடியில்லை, ஆகவே கறையும் இல்லை. யப்பானியத் தையற்காரர்கள் ஹெரா என்னும் சிறு தட்டையான கருவியால் இதையே செய்கின்றனர். நாம் மழுங்கிய வெண்ணெய்க் கத்தியின் முதுகால் செய்து பார்த்தோம். வெற்றுப் பருத்தித் துணியில், பஞ்சை அடியில் வைத்துச் சேர்த்த பின்னர் அழுத்தினால், பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தில் கோடு தெளிவாகத் தெரிகின்றது. பூப்போட்ட துணியில் தெரிவதில்லை.

இவையெல்லாம் முன்னரே தெரிந்திருந்தால் நாம் அன்று அவமானப்பட்டிருக்க மாட்டோம். நடந்ததைச் சொல்லிவிடுகின்றோம். நகரத்தில் உள்ள ஒரு கடையில், இஸ்திரிச் சூடு பட்டால் மறையும் பேனா என்று ஒன்றைக் கொடுத்தனர். வீட்டில் ஒரு துணியில் கிறுக்கி இஸ்திரி போட்டோம். மாயம் போல மறைந்தது. மகிழ்ந்து, டம்ளரைக் கவிழ்த்து எல்லா வட்டங்களையும் அதனாலேயே வரைந்தோம். எட்டு மாதம் தைத்தோம். இறுதியில் இஸ்திரி போட்டவுடன் போர்வை பளிச்சென்று ஆயிற்று. 2018 டிசம்பரில் ஊருக்குத் திரும்பிய உறவினர் ஒருவர் வழியாக வின்னிபெக்கிற்கு அனுப்பிவைத்தோம்.

சனவரியில் தமையனார் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அத்தை, பாட்டி சேலையெல்லாம் ரொம்ப அழகு. ஆனா வெள்ளைக் கட்டத்தில் எல்லாம் கறுப்பா வட்டம் வட்டமாத் தெரியுதே, அதுவும் டிசைனா?" என்றாள். பொதியை அந்த உறவினர் ஓரிரவு காரின் பின்பெட்டியிலேயே விட்டு வைத்திருந்தார். வின்னிபெக்கின் குளிர்காலத்தில் இரவு வெப்பம் பூச்சியத்திற்குக் கீழே இருபது, முப்பது பாகை வரை இறங்கும். அப்பேனாவின் மை சூட்டில் நிறமிழக்கின்றதே தவிரத் துணியை விட்டுப் போவதில்லை. கடுங்குளிர் பட்டால் இழந்த நிறம் திரும்பி வருகின்றது. சென்னையிலோ மதுரையிலோ வாழ்நாள் முழுவதும் அது திரும்பியிருக்காது. நாம் சோதித்தோம், ஆனால் போர்வை வாழப்போகும் ஊரின் தட்பவெப்பத்தில் சோதிக்கவில்லை. அவள் மீண்டும் இஸ்திரி போட்டு மறைத்தாள். அத்துடன் பலமுறை துவைத்தாள். கோடு மங்கிற்று, முற்றும் போகவில்லை.

தண்ணீர் பட்டால் போகும் நீலப் பேனாவும் கடைகளில் உண்டு. அது நல்லதே, ஆனால் இரண்டு விதிகள். கோடு இருக்கும்வரை இஸ்திரிப் பெட்டியையும் வெயிலையும் அண்ட விடலாகாது. சூடு பட்டால் நீலம் பழுப்பாகித் துணியோடு நிலைத்துவிடும். அடுத்து, போர்வை முடிந்ததும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டோம் என்று இருக்கக் கூடாது. மை மேல்துணியிலிருந்து பஞ்சுக்குள் இறங்கி, உலர்ந்தபின் மீண்டும் மேலே வரும். தொட்டி நிறையக் குளிர்ந்த நீரில், சோப்புத் தூள் சேர்க்காமல், போர்வை முழுவதையும் அமிழ்த்தி அலசிய பிறகே சலவைக்குப் போட வேண்டும். தானாகவே மறையும் ஊதாப் பேனாவும் உண்டு. காற்றில் ஈரம் மிகுந்த நம் கடற்கரை ஊர்களில், காலையில் வரைந்த கோடு மாலைக்குள் காணாமற் போகின்றது. ஒரு மணி நேரத்தில் தைக்கக்கூடிய அளவை மட்டும் வரைபவர்களுக்கே அது பயன்படும்.

பென்சில் என்றால் கடினமான மெல்லிய முனையுள்ளதே ஏற்றது; பள்ளிப் பிள்ளைகளின் மெதுவான கரும்பென்சில் ஈயம் நூலில் ஏறி, தையலையே சாம்பல் நிறமாக்கும். அழுத்தாமல், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வரைந்தால் தைக்கும் நூலே கோட்டை மூடிவிடும். தையற்காரரின் சாக்குக் கட்டி உதிரக்கூடியது. அதுவே அதன் குறையும் நிறையும். தைப்பதற்குச் சற்று முன்னர் மட்டும் வரைய வேண்டும். மஞ்சள் சாக்கு மட்டும் வேண்டா. போகாமல் அடம் பிடிப்பதில் அது பேர்பெற்றது. பந்துமுனைப் பேனாவையும் அலுவலகக் கார்பன் தாளையும் போர்வையின் அருகிலேயே கொண்டுவராதிருத்தல் நலம்.

கருநிறத் துணிக்கு நாம் கண்ட மிகச் சிறந்த கருவிக்குக் காசே இல்லை. குளித்துத் தேய்ந்து, நகம் போல மெலிந்துபோன சோப்புத் துண்டைக் காயவைத்து அதன் விளிம்பால் வரைந்தால், வெண்மையான நுண்கோடு விழுகின்றது. சலவையில் தானே போய்விடும். எண்ணெய்ப் பசை மிகுந்த சோப்பைத் தவிர்க்க வேண்டும், அவ்வளவே. அன்னையார் இத்தகைய துண்டுகளை எறியாமல் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைப்பார். எதற்கு என்று நாம் கேலி செய்ததுண்டு.

ஒரே வடிவத்தைப் பலமுறை வரைய வேண்டுமாயின், தாளில் வரைந்து கோட்டின் வழியே ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, துணியின்மேல் விரித்து, மெல்லிய துணியில் முடிந்த சாக்குப் பொடியை அதன்மேல் தட்டினால் புள்ளிக் கோடாக வடிவம் இறங்கும். துளையிட்ட கோலக் குழலை உருட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரிசி மாவை மட்டும் பயன்படுத்த வேண்டா. வாசலில் எறும்புக்கு இடுவது புண்ணியம், போர்வையில் அன்று. நேர்கோட்டிற்குக் காகித ஒட்டுநாடா போதும். நாடாவின் ஓரமாகத் தைத்துவிட்டு உரித்தெடுத்து அடுத்த இடத்தில் ஒட்டலாம். ஆனால் இரவு முழுவதும் துணியில் விட்டுவிட்டால், நம் ஊர் வெக்கையில் பசை துணியிலேயே தங்கிவிடும்.

எந்தக் கருவியாயினும் சோதனை ஒன்றே காவல். போர்வையில் உள்ள ஒவ்வொரு துணியிலும் ஒரு சாண் துண்டை ஒதுக்கி, எல்லாக் கருவிகளாலும் கோடிட்டு, சில வாரம் அப்படியே வைத்திருந்து பின்னர் துவைக்க வேண்டும். இன்று வரைந்து இன்றே துவைத்துப் பார்ப்பது சோதனையாகாது. போர்வை முடிய மாதங்கள் ஆகும் அல்லவா? வெளிநாடு செல்லும் போர்வையாயின் குளிர்ப்பெட்டியின் பனியறையிலும் ஓர் இரவு வைத்துப் பார்க்கலாம். பிற்பாடு நாம் அப்படி வைத்தோம்; காலையில் கறுப்பு வட்டம் நம்மைப் பார்த்துச் சிரித்தது.

கோடே வரையாமல் தைப்பவர்களும் உண்டு. நம் அண்டை மாநிலமான கருநாடகத்தின் வடகன்னட மாவட்டக் காடுகளில் சித்தி மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கோவாவுக்கும் பிற இடங்களுக்கும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். இந்துக்கள், இசுலாமியர், கத்தோலிக்கர் என மூவகையினரும் அவர்களுள் உண்டு. அப்பெண்கள் பழந்துணிகளால் கவந்தி என்னும் போர்வையைத் தைக்கின்றனர். பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளை விளிம்பு மடித்து வைத்து, ஓரமாகச் சுற்றிச் சுற்றி ஓட்டுத் தையல் போட்டு நடுவை அடைகின்றனர். அங்கே ஒட்டுவது வேறு, தைப்பது வேறு அன்று; ஒரே ஊசி இரண்டையும் செய்கின்றது. முந்திய வரியே அடுத்த வரிக்கு அளவுகோல். நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துண்டுகளைப் பூவாக வைத்தால்தான் போர்வை நிறைவுறும் என்பது அவர்கள் கொள்கை. கத்தோலிக்கப் பெண்களின் போர்வைகள் சிலவற்றில் சிலுவை வடிவத் துண்டுகளும் இடம் பெறும்.

தைக்கும் முறை பற்றி மிகச் சுருக்கமாக. மூன்று அடுக்குகளையும் முதலில் நெட்டைத் தற்காலிகத் தையலால் பிணைத்து, நடுவிலிருந்து வெளிநோக்கித் தைக்க வேண்டும். குட்டையான ஊசியும் நடுவிரலுக்கு விரற்கூடும் தேவை. கைதேர்ந்தவர்கள் ஓர் அங்குலத்திற்கு எட்டு முதல் பத்துத் தையல் வரை போடுவர். நமக்கு ஐந்துக்கு மேல் வரவில்லை. சிறியதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதே முக்கியம் என்று சொல்லிக்கொண்டோம்; நல்ல வேளையாக அது உண்மையும்கூட.

எஞ்சிய சேலைத் துண்டுகளால் இளையவளுக்கு இரண்டாவது போர்வை இப்பொழுது சட்டத்தில் இருக்கின்றது. வெள்ளைச் சதுரங்களில் வெண்ணெய்க் கத்தியின் தடம். கருநீலச் சுங்குடியில் சோப்புக் கோடு. செட்டிநாட்டுக் கட்டத்தில் எதுவுமில்லை. கரை 81 அங்குலம். முறுக்கு ஆறே முக்காலாக வைத்தால் பன்னிரண்டு சரியாக அடங்குகின்றது. மூன்று மூலைகள் முடிந்துவிட்டன. நான்காவதற்கு வரையும்போது சோப்புத் துண்டு கையிலேயே இரண்டாக ஒடிந்தது. தகரப் பெட்டியில் இன்னும் நான்கைந்து இருக்கின்றன.